வடகரைப் பிரதமர் பேசுகிறேன்

கேசவன் சாருக்கு நான் இப்போது வயிற்றுவலி. அம்மாவுக்கு நான் கேசவன் சாரின் இயற்பியல் டியூஷனில் ஜன்னலோர பெஞ்ச். உண்மையில் நான் தென்கரை நாட்டின் வெளியுறவு அமைச்சர். சாப்பாட்டுக்கு முன்னால் அதே நாட்டின் கடற்படைத் தளபதி. காலையில் முதல் வேலையாக, கப்பலோடு பிடிபட்ட ஒரு மாலுமியின் மனைவி. மாலுமி மனைவிக்காக நான் மூக்கை உறிஞ்சிய உறிஞ்சலில் பேராசிரியர் அம்பலவாணனே டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். தென்கரை என்றொரு நாடு எந்த வரைபடத்திலும் கிடையாது. வடகரையும் கிடையாது. இரண்டையும் அம்பலவாணன் சார்தான் தன் முதுகலை மாணவர்களுக்காகப் பெற்றுப் போட்டிருக்கிறார், நடுவில் குறுகலாக ஒரு கடலையும் ஊற்றிவைத்திருக்கிறார். தேசப் பாதுகாப்பும் வெளியுறவு முடிவெடுத்தலும் என்று படிப்பின் பெயரே ரயில்பெட்டி நீளம். இன்றைக்கு அதன் கடைசிப் பயிற்சி. பக்கத்துக் கூடத்தில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் வடகரையின் பாதுகாப்புக் குழு, அவர்களுடைய எண்ணெய்க் கப்பலைத் தென்கரை பிடித்துவைத்திருக்கிறது, சண்டை மூளாமல் அதை மீட்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. அவர்களுக்குத் தொலைபேசியில் கேட்கிற வெளியுலகம் மொத்தமும் இந்தச் சின்ன அறையில், குஷன் கிழிந்த நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதாவது நான், சம்யுக்தா, பன்னிரண்டாம் வகுப்பு. எதிரே ஒரு டிவி. டிவிக்குள் அந்த மேசை. மேசையின் தலைமாட்டில் வடகரையின் தேசப் பாதுகாப்பு ஆலோசகர், அரக்கு நிறப் பருத்திப் புடவை, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டு அதையே காகிதங்களுக்கு அடியில் தேடுகிற பெண்மணி, என் அம்மா. தலையிலம்மா, தலையில். கத்தினாலும் அவளுக்குக் கேட்காது. நான் இங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. போன மாதம் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்க வந்த நான், கேன்டீன் வரிசை நகரவில்லையே என்று, அம்மாவின் ஆன்லைன் வகுப்புகளில் கேட்டுக் கேட்டுத் தேறிய அம்பலவாணன் சார் குரலில், ஆக, காபி என்பது நமக்காகக் காத்திருக்காது, என்று பின்னாலிருந்து ஒரு போடு போட்டேன். வரிசை அப்படியே பிளந்து வழிவிட்டது. விலகி நின்றவர்களில் ஒருவர் அம்பலவாணன் சார். தன் குரலுக்கே வழிவிட்ட மனிதர் என்னைத் திட்டுவார் என்று பார்த்தால், ஒரு முழு நாட்டையும் தூக்கி என் தொண்டையில் கொடுத்துவிட்டார். என் பள்ளிக்கூடத்தில் யாருக்கு இப்படி ஒரு வேலை கிடைத்திருக்கிறது, சொல்லுங்கள்.

ஆனால் இப்போது, தென்கரை அமைச்சரை முடித்துத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில், அவர் சொன்னார். "ஆக, அடுத்தது தென்கரை இல்லம்மா. அடுத்து நீ வடகரைப் பிரதமர்." தண்ணீர் மூக்கில் ஏறியது. வடகரைப் பிரதமர் என்னுடைய ஆள் இல்லை. அவர் ஸ்டீபன் வாஸ், அம்மாவின் வகுப்புத் தோழர், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று, ஓய்வு பிடிக்காமல் படிக்க வந்தவர். மாடியில் தனியறையில் உட்கார்ந்திருக்கிறார். விதிப்படி அவர் கூடத்துக்கு வரக்கூடாது, தொலைபேசியில் மட்டும்தான் பேசலாம். அவர் சொல்கிற உத்தரவை ஆலோசகர் மேசைமேல் இருக்கிற பச்சைப் போனை எடுத்துக் கடற்படைக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் சொன்னதுதான், திரும்பி வாங்க முடியாது. அந்த வாஸ் குரலில் நான் அம்மாவைக் கூப்பிட்டு, கப்பல்களை நடுக்கடல் எல்லைக் கோட்டைத் தாண்டச் சொல்ல வேண்டும். பொய் உத்தரவு. அம்மா நம்பினால் கப்பல் தாண்டும், தாண்டினால் போர், போர் வந்தால் பயிற்சி முடிந்தது, ஆலோசகர் தேறவில்லை. பொய்க்குரல் வருகிற காலம் இது, ஆகவே பாடத்திட்டத்திலும் வர வேண்டும் என்கிறார் சார். வாஸ் குரல் எனக்கு அல்வா. முப்பது வருஷம் கப்பலில் இருந்த தமிழ், பந்தியில் இலை போடுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லையும் தள்ளித் தள்ளி வைக்கும், கடைசியில் மூக்கால் ஒரு காற்று, அப்புறம் ஒரு "புரியுதா." வகுப்புக் குழுவில் அவர் அனுப்பும் குரல் செய்திகளை அம்மா சமைத்துக்கொண்டே கேட்பாள், நான் குளியலறையில் திருப்பிச் சொல்வேன். தண்ணீர் வரவில்லை. மோட்டரைப் போடுங்க. புரியுதா. அப்பா எழுந்து போய் மோட்டரைப் போட்டுவிட்டு வந்து, யாருப்பா அது நம்ம வீட்டுக்குள்ள, என்று கேட்டார். அந்தக் குரல் தொண்டைக்குள் இப்போது தானாக எழுந்து சட்டையை மாட்டிக்கொள்கிறது. அதைத்தான் நிறுத்த முடியவில்லை. எனக்கு வருகிறது, என்ன செய்ய, அவ்வளவு நன்றாக வருகிறது. போன வருஷமும் இதே பயிற்சி, இதே நாற்காலி. அம்மாவுக்கு ஒரு போன் வந்தது, யாரோ ஒரு தளபதி சத்தம் போட்டார், அம்மா சரி சார் என்றாள், சொன்னதை அப்படியே பச்சைப் போனில் சொன்னாள், காகிதத்தில் ஒரு தீவே எரிந்தது. தேறவில்லை. இன்னொரு முறை எழுதலாம், ஒரே முறை. அந்த ஒரே முறைதான் இன்றைக்கு, இந்த டிவிக்குள், கண்ணாடி தேடுகிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உலையை வைத்துவிட்டு அரிசி போடவே மறந்து நின்றாள். நான் எந்தக் குரலும் எடுக்கவில்லை அன்றைக்கு. எது எடுத்தாலும் பொருந்தியிருக்காது.

சரி சார். இந்த இரண்டு சொல்தான் பிரச்சினை. துறைமுகத்தில் கப்பல் அலுவலகத்தில் அம்மா சூப்பரின்டெண்டன்ட், ஆனால் மேலதிகாரி போன் வந்தால் வீட்டிலும் எழுந்து நிற்பாள், கையில் தோசைக்கரண்டியோடு, தோசை கருகக் கருக, சரி சார், சரி சார். அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இவள் நிற்பது தெரியவா போகிறது. கால் தானாக நிற்கும். கால் நின்றால் வாய் சரி சார் சொல்லும். அம்பலவாணன் சாருக்கு இது தெரியாமலா வாஸ் குரலைத் தேர்ந்தெடுத்தார். அம்மா வாஸையும் சார் என்றுதான் கூப்பிடுகிறாள், இருவரும் ஒரே பெஞ்ச் என்றாலும். மற்ற குரல்கள் என்றால் எனக்குக் கவலை இல்லை. மற்ற குரல்களுக்கு அம்மாவிடம் ஒரு மருந்து இருக்கிறது, அதைக் கண்டுபிடித்ததில் எனக்கும் பங்கு உண்டு. அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா குரலில் ஒருநாள் அவளுடைய ஆபீஸுக்கே போன் போட்டேன். என்ன மங்க, கேக்குதா, நாந்தான் பேசுதேன், நாளைக்கி குடும்பத்தோட வாரோம், சொதி வச்சிரு, பிள்ளைகளுக்கு ஆப்பமும் ஊத்திரு. அம்மா அரை நாள் விடுப்புப் போட்டு, சொதிக்குப் பால் பிழிய ஒரு சாக்கு நிறையத் தேங்காயோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தெரு முழுக்க ஒரு வாரம் தேங்காய்ச் சட்னி. திட்டவே இல்லை, அதுதான் விசேஷம். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தேங்காய் உடைக்க உட்கார்ந்தாள். ஆனால் அதிலிருந்து வீட்டுப் போனில் யார் பேசினாலும், வைங்க, நான் கூப்பிடுறேன். அத்தை பேசினாலும் வைங்க, நான் கூப்பிடுறேன். மருத்துவமனையிலிருந்து சித்தப்பா, குழந்தை பிறந்திருக்கு அண்ணி என்று அழுகையும் சிரிப்புமாகச் சொல்கிறார், இவள் வைங்க என்கிறாள். வைத்தார். கூப்பிட்டாள். பொண்ணா பையனா என்று இரண்டாவது அழைப்பில்தான் கேட்டாள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் கோபம், மங்கை படிக்கப் போனதில் இருந்து மரியாதை போச்சு என்று. படிப்புக்கு இதில் சம்பந்தமே இல்லை, பாவம் படிப்பு. இன்றைக்குக் காலையில்கூட மாலுமி மனைவியாக நான் உறிஞ்சி முடித்ததும், அழாதீங்கம்மா, வைங்க, நான் கூப்பிடுறேன் என்றாள். தளபதிக்கும் அதே. மேசையில் பக்கத்தில் இருக்கிற ரிஷி, தாடி இன்னும் முடிவெடுக்காத முகம், இந்த வகுப்பிலேயே இளையவன், "என்ன மேடம், எல்லாருக்கும் மிஸ்டு கால் குடுத்துட்டு உக்காந்திருக்கீங்க," என்றான். மேசையே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்துக்கொண்டே, எல்லாருடைய எண்ணும் அச்சடித்த அட்டையைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை மாடியிலிருந்து நிஜ வாஸ் கூப்பிட்டார், தென்கரை அமைச்சரிடம் பதமாகப் பேசுங்கள் என்று. அம்மா எழுந்து நின்றாள். சரி சார். போனை வைத்தாள். உட்கார்ந்தாள். திரும்பக் கூப்பிடவில்லை. நான் பார்த்தேன். சாரும் பார்த்தார், பார்த்துவிட்டு டீயைக் குடித்தார்.

எதற்கு இந்தப் படிப்பு என்று அப்பாதான் முதலில் கேட்டார், கேலியாகத்தான், அம்மா போர் போடப் போறா, வீட்டுக்கு ஒரு பதுங்குகுழி வெட்டணும். அம்மா கோபப்படாமல் சொன்ன பதில் எனக்கு இப்போது எதற்கோ திரும்பத் திரும்ப வருகிறது. ஆபீஸில் இருபது வருஷமாக டைப் அடிக்கிறேன், வெளிநாட்டுத் துறைமுகத்தில் ஆட்கள் மாட்டிக்கொண்டு கிடப்பார்கள், ஒரு தாள் வரும், முடிவு எடுக்கப்பட்டது என்று இருக்கும், யார் எடுத்தார்கள், எந்த அறையில், யார் எதிர்த்தார்கள், ஒன்றும் இருக்காது. அந்த அறைக்குள்ளே எப்படி இருக்கும் என்று பார்க்கணும், என்றாள். பார்த்தாள். பார்த்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பெரிய ஆள் வாயைத் திறப்பதற்கு முன்னால் எல்லாரும் தன் கருத்தை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் பெரிய ஆள் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். அதனால் கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று அப்பா வாயைத் திறக்கிறதுக்கு முன்னால் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு. பிரித்தால் அம்மா குற்றாலம், நான் குற்றாலம், அப்பாவே குற்றாலம். அப்படியென்றால் வருஷா வருஷம் யார் எங்களை ஏற்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது என்று மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயத்தை எதிர்த்துப் பேச ஒருத்தர் கட்டாயம் வேண்டும் என்று இன்னொரு பாடம். அந்தப் பதவி எனக்கு, நிரந்தரமாக. ராத்திரி இட்லியை எதிர்த்து நான் ஆற்றிய உரையில் அம்மா சிரித்துச் சிரித்து இட்லித் தட்டைக் கீழே போட்டாள். சிரிப்பாள், ரசிப்பாள், ஆனால் திருப்பி ஒரு குரல் எடுக்க அவளுக்கு வராது. ஜோக் சொன்னால் முடிவை முதலில் சொல்லிவிடுவாள். இந்தத் தொண்டை எனக்கு எங்கிருந்து வந்தது என்று வீட்டில் பேச்சு வந்தால் அப்பா பக்கத்தைத்தான் கை காட்டுவார்கள், அங்கே ஒரு சின்னத் தாத்தா கோயில் திருவிழாவில் கிளி மாதிரி கத்துவாராம்.

"ஆக, உனக்குக் கஷ்டமா இருந்தா நானே பேசிடறேன்," என்கிறார் சார், என் முகத்தைப் பார்த்துத்தான். "என்ன, எனக்கு வாஸ் வராது. கண்டுபிடிச்சிடுவாங்க. அதையும் பாஸ்னுதான் போடணும்." நல்ல மனுஷர், கதவைத் திறந்து வைக்கிறார். நான் ஒதுங்கிக்கொண்டால் அம்மா தேறிவிடுவாள். அவருடைய ஆக ஆக வாஸைக் கேட்டு, அடச்சீ, என்று கூடமே கண்டுபிடிக்கும். இல்லை, நானே பேசி, லேசாக, ஒரு மூலையில், கொஞ்சம் கிழித்து வைக்கலாம். புரியுதாவுக்குப் பதிலாக ஒரு கேக்குதா. பெரியப்பா எட்டிப் பார்த்தால் போதும், அம்மாவுக்குத் தேங்காய் வாசனை வந்துவிடும். யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நாளைக்கு அவள் சான்றிதழைச் சுவரில் மாட்டும்போது அந்த ஆணியை நான் பிடித்துக்கொண்டிருப்பேன், அது என் கேக்குதாவில் தொங்கும். வயிறு நிஜமாகவே வலிக்கிறது இப்போது, கேசவன் சாரிடம் சொன்னது பொய்யில்லை என்று ஆகிவிட்டது. டிவியில் அம்மா கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். ரிஷி ஏதோ வேகமாகச் சொல்கிறான், அவள் துண்டுச்சீட்டுகளைச் சுற்றிலும் கொடுக்கிறாள், முதலில் எழுதுங்க, அப்புறம் பேசுங்க என்கிறாள். எழுதுகிறார்கள். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறாள், தோசைக்கரண்டி இல்லாத அம்மா, எனக்குத் தெரியாத ஒரு அம்மா. இந்த அம்மாவுக்குப் போய் கிழிசல் குரலையா கொடுப்பது. அரைகுறை வாஸை ஜெயித்துவிட்டு வருவதற்கா அவள் ரெண்டு வருஷம் பஸ்ஸில் தூங்கித் தூங்கிப் படித்தாள். முழு வாஸ் தருகிறேன். மூக்குக் காற்றோடு தருகிறேன். தோற்றால் என்னிடம் தோற்கட்டும், இந்த ஊரிலேயே சிறந்த தொண்டையிடம். அதை நினைத்த உடனே பயமாக இருக்கிறது, நினைத்தது நானா, தொண்டையா. நானே பேசறேன் சார், என்றேன். என் சொந்தக் குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. அதைத்தான் நான் அவ்வளவாகப் பழகவில்லை.

எண்ணை அழுத்துகிறேன். டிவியில் மேசைமேல் கறுப்புப் போன் அடிக்கிறது, அந்த மணி ஸ்பீக்கர் வழியாக என் அறைக்கே திரும்பி வருகிறது. அம்மா எடுக்கிறாள். "மங்கை மேடம். பிரதமர் பேசுறேன்." இலை போடுகிறேன், ஒன்று, ஒன்றாக. அம்மா எழுந்து நிற்கிறாள். நின்றுவிட்டாள். அய்யோ கால். "பேச்சு போதும். கப்பல்களைக் கோட்டைத் தாண்டச் சொல்லுங்க. உடனே." மூக்குக் காற்று. "புரியுதா." பக்கத்தில் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார், பாட்டுக் கேட்கிற மாதிரி. எனக்கே முதுகு சிலிர்க்கிறது, இவ்வளவு நன்றாக நான் இதுவரை யாரையும் செய்ததில்லை. அம்மா சொல்கிறாள், சரி சார். போனை வைக்கிறாள். நான் ரிசீவரைப் பிடித்தபடியே இருக்கிறேன், அதற்குள் ஒரு கடல் இரைகிறது. நின்றுகொண்டே இருக்கிறாள். உத்தரவு கோட்டைத் தாண்ட, என்கிறாள் மேசையைப் பார்த்து. அவளுடைய கை மேசைமேல் நகர்கிறது, பச்சைப் போன் பக்கமாக, நகர்கிறது, அம்மா வேண்டாம், அது நான்தான், சம்முதான், உலை வைத்துவிட்டு நிற்காதே மறுபடியும். கை பச்சைப் போனைத் தாண்டி அட்டையை எடுக்கிறது. தலையிலிருந்து கண்ணாடியை இறக்குகிறாள். அட்டையைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறாள். ரிஷிக்குப் பொறுக்கவில்லை, பிரதமரே சொல்லியாச்சு, அவரிடமே திருப்பிக் கேட்பதா, என்ன நினைப்பார் என்கிறான். அம்மா எண்ணை அழுத்திக்கொண்டே, அவனைப் பார்க்காமல், ரொம்ப சாதாரணமாகச் சொல்கிறாள்.

"எங்க வீட்டுல ஒரு பிசாசு இருக்கு தம்பி. அம்பாசமுத்திரத்துல இருக்கிற எங்க அத்தான் மாதிரியே பேசும். அதுல இருந்து, யாரு பேசினாலும் நானா ஒரு தடவை கூப்பிட்டுக் கேக்காம அடுப்பு பத்த வைக்கிறதில்ல."

"அது வீட்டுக்கு மேடம். இது பிரதமர்."

"அதான் எந்திரிச்சு நிக்கிறேன்ல. நின்னுக்கிட்டே கூப்பிடுறேன்."

மாடியில் மணி அடிப்பது கூரை வழியாகவே கேட்கிறது. நிஜ வாஸ் எடுக்கிறார். சார், இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லிருங்க, என்கிறாள் அம்மா, பணிவாக, அவ்வளவு பணிவாக. இப்பவா, நான் எதுவும் சொல்லலையே மேடம், குறுக்கெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கேன், என்கிறது என் குரல், அவர் குரல், ஒரே குரல். ரிஷி கையிலிருந்த துண்டுச்சீட்டை மெதுவாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறான். பச்சைப் போன் தொடப்படாமல் கிடக்கிறது, தீவில் ஒரு புல்லும் எரியவில்லை. அம்பலவாணன் சார், ஆக, என்கிறார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, வெறும் ஆக. இந்த மனிதர் ஆகவுக்குப் பின்னால் ஒன்றும் வைக்காமல் நிறுத்தி நான் கேட்டதே இல்லை. எழுந்து கூடத்துக்குப் போகிறார், நடையிலேயே தெரிகிறது பாஸ் என்று. நான் நாற்காலியில் சுற்றுகிறேன், ஒரு முழுச் சுற்று, இன்னொன்று. பிசாசு. பாதுகாப்புக் குழுவுக்கு முன்னால், அலுவல்முறையாக, பிசாசு. பள்ளியில் கிடைத்த கோப்பைகள் எல்லாம் பரணில் ஏறட்டும், எனக்கு இது போதும். என் தொண்டையும் ஜெயித்தது, அவளும் ஜெயித்தாள், இப்படி ஒரு ஆட்டம் நடக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே எதிர்த்து உரை ஆற்றியிருப்பேன். தேங்காய்க்கு நன்றி. எங்கள் தெருவுக்குச் சட்னியாகப் போன அத்தனை தேங்காய்க்கும். வீட்டுக்குப் போய் அவளிடம் எப்படி ஆரம்பிப்பது, வாஸாக உள்ளே நுழையலாமா, வாழ்த்துகள் மேடம், ரசம் இருக்குதா, புரியுதா. இல்லை, முதலில் கேசவன் சார் வகுப்பிலிருந்து வருகிற சோர்ந்த முகத்தோடு போய், அப்புறம்.

என் முன்னால் இருக்கிற போன் அடிக்கிறது. தென்கரைப் போன். பயிற்சி முடிந்துவிட்டதே. எடுக்கிறேன்.

"என்னம்மா சம்யுக்தா. ஜன்னலோர பெஞ்ச் காலியா கெடக்கு. நீ எங்கம்மா இருக்க."

கேசவன் சார். அந்த ம்மாவை இழுத்து, மூக்கில் மடித்து, சாக்பீஸ் தூசியோடு நீட்டுகிற அதே கேசவன் சார். எழுந்து நின்றுவிட்டேன். இல்ல சார், வந்து சார், மாத்திரை போட்டு, பஸ்ஸு சார். நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா, என்கிறார். சரி சார், என்கிறேன். கேட்குதா நல்லா, என்கிறார். கேட்குது சார், சரி சார். அந்தப் பக்கம் வைத்தாகிவிட்டது. நான் ரிசீவரோடு நிற்கிறேன், கேசவன் சாருக்கு இந்த எண் எப்படி, இது உள்போன் ஆயிற்றே, இந்தக் கட்டடத்தைத் தாண்டி இதற்கு உலகமே கிடையாதே. டிவியைப் பார்க்கிறேன். மேசை மொத்தமும் எழுந்து நின்று ஒரே ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அம்மா கறுப்புப் போனை வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. இன்னொரு கையால் முந்தானையை வாய்க்குள் அடைத்திருக்கிறாள், தோள் குலுங்குகிறது, கண்ணாடி மறுபடி தலையில். அப்புறம் நிமிர்ந்து கேமரா எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள், கண்டுபிடித்து, நேராக என்னைப் பார்க்கிறாள்.

எத்தனை வருஷம் அடுப்படியில் நின்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாளா.

நான் நின்றுகொண்டே, சுவரில் ஒட்டியிருக்கிற அட்டையைப் பார்த்து, அவள் எண்ணை அழுத்துகிறேன். டிவியில் அம்மா மணியைக் கொஞ்சம் அடிக்க விட்டுப் பார்க்கிறாள். பிறகு எடுக்கிறாள்.

"வடகரை," என்கிறாள், சொந்தக் குரலில்.